சேணம் சரியாகப் பொருந்துகிறதா?

குதிரை என்றதும் எங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது ஊர்க் கோயிலின் வேட்டைத் திருவிழாவும் அன்று சுவாமி எழுந்தருளும் குதிரை வாகனமும்தான். நெடுந்தீவுக்குப் போய்வந்தவர்கள் அங்கே கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளையும் கண்டிருப்பார்கள். அந்தக் குதிரைகளின் முதுகில் சேணம் இல்லை. வாகனக் குதிரைக்கு வலி இல்லை. ஆகவே, சேணமும் சப்பாத்தைப் போல அளவு பார்த்துப் போடவேண்டிய ஒன்று என்ற எண்ணம் எங்களுக்கு வர வாய்ப்பே இருக்கவில்லை.

இங்கு வளரும் எங்கள் பிள்ளைகளின் நிலை வேறு. நீச்சல், கராத்தே, பரதம் ஆகியவற்றுடன் இப்போது குதிரையேற்றமும் சில வீடுகளில் சேர்ந்திருக்கிறது. மாற்றுவலுவுள்ளோருக்குக் குதிரையேற்றம் பழக்கும் 'ரைடிங் ஃபோர் த டிசேபிள்ட்' சங்கம் 1969 முதல் பிரித்தானியாவில் இயங்கி வருகிறது. அப்படியான குழுக்களில் சேரும் பிள்ளைகள் நன்மை பெறுவதையும் காண்கிறோம்.

பிள்ளையை அனுப்புமுன் தலைக்கவசம் வாங்குகிறோம். குதிகால் வைத்த காலணி வாங்குகிறோம். காப்புறுதி உண்டா என்று விசாரிக்கிறோம். ஆனால் பிள்ளைக்கும் குதிரைக்கும் நடுவில் இருக்கும் சேணத்தைப் பற்றி மட்டும் நாம் கேட்பதில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியது.

'குறும்பு' என்று சொன்னார்கள்

என் மகள் ஒன்பது வயதில் பழகத் தொடங்கினாள். அவளுக்குக் கொடுத்த மட்டக்குதிரை மிகவும் சாதுவானது. ஏப்ரல் மாத நடுப்பகுதியில் அதன் போக்கு மாறியது. வயிற்றுப் பட்டியை இறுக்கும்போது காதுகளைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு கடிக்க வந்தது. பாடம் தொடங்கிப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் நடக்க மறுத்து நின்றது. வற்புறுத்தினால் பின்னங்கால்களைத் தூக்கி உதைத்தது.

"அவன் குறும்புக்காரன், உன்னைச் சோதித்துப் பார்க்கிறான், குதிகாலால் நன்றாக அழுத்து" என்று பழக்குபவர் சொன்னார். அவளும் சொன்னபடி செய்தாள். மூன்றாவது கிழமை குதிரை அவளைத் தூக்கி எறிந்தது. தலைக்கவசம் அவளைக் காப்பாற்றியது. ஆனால் மணிக்கட்டு முறிந்துவிட்டது.

சில நாட்களுக்குப் பின் அந்தக் குதிரையின் சேணத்தைக் கழற்றும்போது நான் அருகில் நின்றேன். முதுகின் தொடக்கத்தில் இரு பக்கமும் ஒரு நாணயத்தின் அளவுக்கு வெள்ளை மயிர் முளைத்திருந்தது. அந்த இடத்தில் மெதுவாகக் கை வைத்ததும் தோல் துடித்தது. குதிரை முதுகைக் கீழே தாழ்த்தி என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. அதன்பின் சேணம் பொருத்தத் தெரிந்த ஒருவரை அழைத்தார்கள். குளிர்காலத்தில் மெலிந்திருந்த குதிரைக்கு அளவாக இருந்த சேணம், வசந்தகாலப் புல்லைத் தின்று அது கொழுத்தபின் இடுக்கியைப் போலத் தோள்களைப் பிடித்திருக்கிறது. வெள்ளை மயிர் பழைய காயத்தின் அடையாளம் என்றும், இதே துன்பத்தை அது முன்பும் பட்டிருக்கவேண்டும் என்றும் அவர் சொன்னார்.

குதிரை என் மகளைச் சோதிக்கவில்லை. வலிக்கிறது என்பதைத் தனக்குத் தெரிந்த முறையில் மூன்று கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் விளங்கிக்கொள்ளவில்லை.

படுக்கைப் புண்ணும் சேணப் புண்ணும்

சேணம் இறுக்கினால் என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள எங்கள் வீடுகளிலேயே உதாரணம் உண்டு. நெடுநாள் படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்கு இடுப்பிலும் குதிகாலிலும் புண் வருவதைப் பார்த்திருப்பீர்கள். எலும்புக்கும் மெத்தைக்கும் இடையில் சதை நசுங்கும்போது அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. இரத்தம் போகாத சதை மெல்லமெல்ல இறக்கிறது. அதனால்தான் தாதியர் நோயாளியை அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்கிறார்கள்.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. அழுத்தத்தால் தோலைவிட உள்ளே இருக்கும் தசையே விரைவில் பாதிக்கப்படுகிறது. வெளியே புண் தெரியும்போது உள்ளே கேடு முற்றியிருக்கும். நீரிழிவினால் காலில் உணர்வு குறைந்த ஒருவர் இறுக்கமான சப்பாத்தை நாள் முழுவதும் போட்டிருந்து, இரவில் கழற்றும்போதுதான் புண்ணைக் காண்பதும் இது போன்றதே. அவருக்கு உணர்வு இல்லை, அதனால் சொல்வதில்லை. குதிரைக்கு உணர்வு உண்டு, வாய்தான் இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த விடயமும் அல்ல. பிரித்தானிய இராணுவத்தின் மிருக வைத்தியர் பிரெடெரிக் சிமித், சேணங்களையும் முதுகுப் புண்களையும் பற்றி 1891 இல் ஒரு கைந்நூலே எழுதினார். குதிரைப்படை நம்பியிருந்த காலத்தில், முதுகு புண்ணான குதிரை என்றால் ஒரு வீரன் குறைந்தான் என்றே பொருள். இன்று போருக்குக் குதிரை தேவையில்லை. ஆனால் குதிரையின் முதுகு அன்று இருந்தபடியேதான் இருக்கிறது.

குதிரையின் முதுகு எப்படி அமைந்திருக்கிறது?

குதிரைக்கு 18 சோடி விலா எலும்புகள் உண்டு. அவற்றைத் தாங்கும் 18 முள்ளெலும்புகளின் பகுதியே பாரம் சுமக்கத் தக்கது. அதற்குப் பின்னால் உள்ள இடுப்பு முள்ளெலும்புகளுக்குக் கீழே விலா எலும்புகளின் தாங்கல் கிடையாது. ஆகவே சேணத்தின் பாரம் கடைசி விலா எலும்பைத் தாண்டிப் பின்னுக்குப் போகக்கூடாது.

மனிதருக்கு இருப்பதுபோல் குதிரைக்குக் காறை எலும்பு இல்லை. முன்னங்கால்கள் உடலோடு தசைகளாலும் தசைநார்களாலும் மட்டுமே பிணைக்கப்பட்டுள்ளன. குதிரை முன்னங்காலை முன்னே நீட்டும்போது அதன் தோள்பட்டை எலும்பின் மேல்முனை பின்னோக்கி நகர்கிறது. சேணம் அந்த எலும்பின்மேல் இருந்தால் ஒவ்வொரு அடியிலும் எலும்பு சேணத்தில் இடிக்கும். குதிரை அடியைக் குறுக்கிக்கொள்ளும். சில வேளை தடுக்கியும் விழும்.

கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு தெரியும். அது முள்ளெலும்புகளின் நீண்ட முனைகளால் ஆனது. அதன்மேல் தோலைத் தவிரச் சதை அதிகம் இல்லை. இந்த மேட்டின் மேலோ, முதுகின் நடுவே ஓடும் முள்ளெலும்பு வரிசையின் மேலோ சேணம் ஒருபோதும் முட்டக்கூடாது. அதன் இருபுறமும் உள்ள நீண்ட தசைகளே பாரத்தை ஏற்கவேண்டும்.

பாரம் என்பதும் நின்ற நிலையில் உள்ள நிறை மட்டுமல்ல. 'ட்ரொட்' எனப்படும் துள்ளோட்டத்தில் முதுகில் இறங்கும் விசை, ஏறியிருப்பவரின் நிறையைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகிறது. பாய்ச்சலில் இன்னும் கூடுகிறது. மெதுவாக நடக்கும்போது பொறுத்துக்கொண்ட குதிரை, ஓடும்போது உதைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சேணத்துக்குள் என்ன இருக்கிறது?

வெளியே தோலாகத் தெரிந்தாலும் பெரும்பாலான சேணங்களுக்குள் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஒரு கடினமான சட்டம் இருக்கிறது. இதன் அகலமும் கோணமும் குதிரையின் தோள்களோடு ஒத்துப்போகவேண்டும். சட்டம் ஒடுங்கியதாக இருந்தால் சேணத்தின் முன்பக்கம் மேலே எழுந்து நின்று தோள்களின் பின்புறத்தைக் கிள்ளும். அகலமாக இருந்தால் முன்பக்கம் கீழே இறங்கி மேட்டின்மேல் குந்தும்.

சட்டத்தின் கீழே இரண்டு நீளமான மெத்தைகள் உண்டு. பல ஆங்கிலச் சேணங்களில் இவற்றைக் கம்பளி மயிரால் நிரப்புகிறார்கள். பாவிக்கப் பாவிக்க, வீட்டு மெத்தையைப் போலவே இதுவும் அமுங்கும், கட்டி பிடிக்கும், ஒரு பக்கம் தாழும். போன வருடம் பொருத்தமாக இருந்த சேணம் இந்த வருடம் பொருந்தாமற் போவதற்கு, குதிரை மாறியது ஒரு காரணம் என்றால் சேணம் மாறியது மற்றக் காரணம்.

குதிரை எப்படிச் சொல்கிறது?

பெற்றோர் வேலிக்கு வெளியே நின்றே கவனிக்கக்கூடிய அடையாளங்கள் பல உண்டு:

• சேணத்தைக் கொண்டு வரும்போதே விலகிப் போதல், காதுகளை மடித்தல், கடிக்க வருதல்.
• வயிற்றுப் பட்டியை இறுக்கும்போது உடலை விறைத்தல், காலால் நிலத்தைத் தட்டுதல்.
• பிள்ளை ஏறியதும் முதுகைத் தாழ்த்துதல், தலையை உயர்த்திக்கொண்டு நடத்தல்.
• ஓயாமல் வாலை வீசுதல், வாயைத் திறந்து திறந்து மூடுதல்.
• அடிக்கடி தடுக்குதல், அடியைக் குறுக்கி வைத்தல்.
• முன்னே செல்ல மறுத்தல், உதைத்தல், துள்ளி எறிதல்.

சேணத்தைக் கழற்றியபின் பார்க்கக்கூடியவை: வீக்கம், மயிர் உரிந்த இடம், வெள்ளை மயிர், தோளுக்குப் பின்னால் தசை வற்றிக் குழிவிழுந்த தோற்றம். வியர்வைத் தடத்தையும் சிலர் பார்ப்பார்கள். சுற்றிலும் நனைந்திருக்க ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் அதிகமாக இருந்திருக்கலாம், அல்லது சேணம் தொடாமலும் இருந்திருக்கலாம். ஆகவே வியர்வையை மட்டும் வைத்து முடிவு செய்யவேண்டாம். தொட்டும் பாருங்கள்.

பிரித்தானிய மிருக வைத்திய நிபுணர் சூ டைசன், ஏறிச் செலுத்தும் குதிரையின் வலியைக் கண்டறிய 24 நடத்தைகளைக் கொண்ட ஒரு பட்டியலை 2018 இல் வெளியிட்டார். காதுகளைத் தொடர்ந்து பின்னுக்கு வைத்திருத்தல், வால் வீசுதல் ஆகியவை அதில் அடங்கும். இவற்றில் 8 அல்லது அதற்கு மேற்பட்டவை காணப்பட்டால் எலும்பு, தசை தொடர்பான வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவரது முடிவு. குணம் கெட்ட குதிரை என்று சொல்லுமுன் வலி உண்டா என்று பார் என்பதே இதன் சாரம்.

ஆனாலும் எல்லா வலியும் சேணத்தால் வருவதல்ல. பல், வயிறு, கால், குளம்பு எங்கு கோளாறு இருந்தாலும் குதிரை இப்படி நடந்துகொள்ளலாம். சேணம் ஒரு பக்கம் சரிவதற்குப் பின்னங்கால் நொண்டலே காரணமாக இருப்பதும் உண்டு. ஆகவே முதலில் மிருக வைத்தியர் பார்க்கவேண்டும். சேணத்தைப் பற்றிய முடிவு அதோடு சேர்ந்தே வரவேண்டும்.

நீங்களே பார்க்கக்கூடிய எட்டு விடயங்கள்

குதிரை சமதரையில் நான்கு கால்களையும் சமமாக ஊன்றி நிற்கட்டும். துணி எதுவும் விரிக்காமல் வெறும் முதுகில் சேணத்தை வைக்கச் சொல்லுங்கள். பழக்குபவர் அருகில் நிற்க, அவரது அனுமதியுடன் பாருங்கள்.

1. இடம்: சேணத்தைச் சற்று முன்னே வைத்து, மயிர் படிந்த திசையில் பின்னோக்கித் தள்ளினால் அது தானாக ஓரிடத்தில் அமரும். அந்த இடம் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் இருக்கவேண்டும்.

2. மேட்டின் இடைவெளி: முன்புறத்தில் முதுகு மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழைய இடம் வேண்டும். மேலே மட்டுமல்ல, மேட்டின் இரு பக்கத்திலும் நெரிக்கக்கூடாது. பிள்ளை ஏறியபின்னும் அந்த இடைவெளி அடைபடக்கூடாது.

3. நடுக் கால்வாய்: பாதுகாப்பான தூரத்தில் பின்னால் நின்று பார்த்தால், இரு மெத்தைகளுக்கும் நடுவே முன்புறம்வரை வெளிச்சம் தெரியவேண்டும். மூன்று நான்கு விரல் அகலமாவது இருப்பது நல்லது.

4. தோள்களின் கோணம்: முன்பக்கத்திலுள்ள சட்டத்தின் சரிவும் குதிரையின் தோள் சரிவும் ஒரே சாய்வில் போகவேண்டும். சேணத்துக்குள் கையை நுழைத்துக் கீழ்நோக்கி இழுக்கும்போது ஓரிடத்தில் கை நசிந்தால் குதிரையின் சதையும் அங்கே நசிகிறது என்று பொருள்.

5. மெத்தையின் படிவு: மெத்தை முதுகோடு முழு நீளத்துக்கும் சீராகப் படியவேண்டும். முன்னும் பின்னும் தொட்டு நடுவில் பாலம்போல் எழுந்து நின்றால் பாரம் முழுவதும் நான்கு புள்ளிகளில் விழும். நடுவில் மட்டும் தொட்டால் ஆடு கதிரைபோல் முன்னும் பின்னும் ஆடும். இரண்டும் பிழை.

6. சமநிலை: பக்கத்தில் நின்று பாருங்கள். இருக்கையின் ஆகத் தாழ்ந்த இடம் நடுவில் இருக்கவேண்டும். பின்னுக்குச் சரிந்திருந்தால் பிள்ளையின் பாரம் குதிரையின் இடுப்பை நோக்கிப் போகும்.

7. நீளம்: கடைசி விலா எலும்பை விரலால் தடவிக் கண்டுபிடித்து, அதன் வளைவைப் பின்பற்றி முதுகுவரை வாருங்கள். பாரம் தாங்கும் மெத்தை அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது.

8. வயிற்றுப் பட்டி: ஒரேயடியாக இறுக்கக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஏறுமுன் ஒரு தடவையும் சில நிமிடம் நடந்தபின் இன்னொரு தடவையும் பார்க்கவேண்டும். பொருந்தாத சேணத்தைப் பட்டியை இறுக்கி நிறுத்தப் பார்ப்பது வலியைக் கூட்டும். பட்டி தளர்ந்திருந்தால் சேணம் சுழன்று பிள்ளை விழும்.

நின்ற நிலையில் சரியாக இருப்பது ஓடும்போது மாறலாம். ஆகவே பிள்ளை ஏறி ஓடும்போதும் பின்னால் நின்று பாருங்கள். சேணம் ஒரு பக்கம் சரிகிறதா, பின்பக்கம் எழுந்து எழுந்து அடிக்கிறதா என்று கவனியுங்கள்.

துணியைத் தடிப்பாக்கினால் போதாதா?

பலரும் செய்யும் தவறு இது. சேணம் இறுக்கினால் கீழே இன்னொரு தடித்த துணி வைப்பார்கள். சப்பாத்து கடிக்கிறது என்பதற்காகத் தடித்த காலுறையைப் போட்டால் கடி குறையுமா, கூடுமா? சேணம் சற்று அகலமாக இருக்கும்போது, தெரிந்தவர் ஒருவரின் ஆலோசனைப்படி தற்காலிகமாகத் துணி வைத்துச் சமாளிக்கலாம். ஒடுங்கிய சேணத்துக்கு எந்தத் துணியும் மருந்தாகாது.

விலையுயர்ந்த சேணம் என்றால் பொருந்தும் என்பதும் சரியல்ல. நல்ல முறையில் திருத்திய பழைய சேணம் பொருந்தலாம், புத்தம் புதியது பொருந்தாமற் போகலாம். ஒரு குதிரையின் சேணத்தை, பார்வைக்கு ஒரே அளவாகத் தெரியும் இன்னொரு குதிரைக்குப் போடுவதும் ஆபத்தானதே. அண்ணனின் சப்பாத்தைத் தம்பிக்குப் போட்டு அனுப்புவதைப் போன்றது அது.

சேணம் பிள்ளைக்கும் பொருந்தவேண்டும்

சேணம் குதிரைக்கு மட்டுமல்ல, ஏறுபவருக்கும் அளவாக இருக்கவேண்டும். பிள்ளை அமர்ந்தபின் பின்னால் ஏறத்தாழ ஒரு கையகல இடம் இருப்பது பொதுவான அளவு. இருக்கை சிறிதானால் பிள்ளையின் பாரம் பின் விளிம்பில் குவிந்து குதிரையின் முதுகை அமுக்கும். பெரிதானால் பிள்ளை உள்ளே வழுக்கிக்கொண்டு, கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கிச் சமநிலை தேடும். அங்கவடிகளின் நீளம் இரு பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் பிள்ளை கோணி உட்காரும். அந்தக் கோணலை ஈடுசெய்யக் குதிரையும் கோணும்.

பாடம் முடிந்து வரும் பிள்ளை ஒவ்வொரு முறையும் இடுப்பு, முதுகு, தொடை நோவதாகச் சொன்னால், 'பழகப் பழகச் சரிவரும்' என்று விட்டுவிடாதீர்கள். முதல் சில நாட்கள் தசை நோவது இயல்பு. கிழமைக் கணக்கில் ஒரே பக்கம் நொந்தால் சேணத்தையும் பாருங்கள், வைத்தியரையும் பாருங்கள்.

பெரியவர்களும் ஏற ஆசைப்படுவதுண்டு. குதிரையின் நிறையில் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் ஏற்றுவதில்லை என்று பள்ளிகள் ஓர் எல்லை வைத்திருக்கும். பெரும்பாலும் அது 15 முதல் 20 விழுக்காடுவரை இருக்கும். சேணத்தின் நிறையும் அதில் சேர்ந்ததே. நிறையைக் கேட்கும்போது வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லவேண்டாம். பொய்யைச் சுமப்பது குதிரையின் முதுகு.

யாரிடம் கேட்பது? எப்போது பார்ப்பது?

பிரித்தானியாவில் 'சொசைட்டி ஒஃப் மாஸ்டர் சட்லர்ஸ்' என்ற அமைப்பு சேணம் பொருத்துபவர்களுக்குப் பயிற்சியும் தகுதிச் சான்றிதழும் வழங்குகிறது. சேணத் தொழிலுக்குப் பேர்போன இடம் வோல்சோல் நகரம். அங்குள்ள உதைபந்தாட்டக் கழகத்தின் செல்லப்பெயரே 'சட்லர்ஸ்' என்பதாகும்.

வருடத்துக்கு இரண்டு முறையாவது சேணத்தைத் தெரிந்தவரிடம் காட்டுவது நல்ல வழக்கம். வளரும் இளங்குதிரைக்கும், நோயிலிருந்து மீண்ட குதிரைக்கும், நிறை கூடிய அல்லது குறைந்த குதிரைக்கும் இன்னும் அடிக்கடி பார்க்கவேண்டும்.

இங்கிலாந்தில் கட்டணம் பெற்றுக் குதிரையேற்றம் பழக்கும் பள்ளிகள், 2018 ஆம் ஆண்டு விதிகளின்படி உள்ளூர் கவுன்சிலிடம் உரிமம் பெறவேண்டும். உரிமத்தைப் பார்க்கலாமா என்று கேட்பதில் தவறில்லை. அதோடு மூன்று கேள்விகளையும் பணிவாகக் கேளுங்கள். இந்தக் குதிரைக்கு இது தனிச் சேணமா, பலவற்றுக்கும் பொதுவா? கடைசியாக எப்போது பார்த்தார்கள்? யார் பார்த்தார்? நல்ல பள்ளி இந்தக் கேள்விகளை வரவேற்கும். பதில் சொல்ல முகம் சுளிக்கும் இடத்தில் பிள்ளையை விடுவதா என்று யோசியுங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது

என் மகளின் கை ஆறு கிழமையில் தேறியது. அந்த மட்டக்குதிரைக்கு அதைவிடக் கூடிய காலம் எடுத்தது. மிருக வைத்தியர் சொன்னபடி ஓய்வு கொடுத்து, வேறு சேணம் பொருத்தியபின்னும், பட்டியைக் கண்டால் பல நாட்கள் காதை மடித்தது. பட்ட வலியை உடம்பு எளிதில் மறப்பதில்லை. மகள் ஒவ்வொரு சனிக்கிழமையும் முதலில் போய் அதன் முதுகைத் தடவிப் பார்ப்பாள். துடித்தால் அன்று ஏறமாட்டாள். வாசிகசாலைப் புத்தகங்களில் அவள் படித்த எதையும்விடப் பெரிய பாடம் அது என்று நினைக்கிறேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் இதுதான். ஏறுமுன் சேணத்தின் கீழே ஒரு தடவை கையை விட்டுப் பார். இறங்கியபின் முதுகை ஒரு தடவை தடவிப் பார். குதிரை மறுத்தால், அடிக்குமுன் ஏன் என்று கேள். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடம் குதிரையின் முதுகையும் காக்கும், எங்கள் பிள்ளையின் எலும்பையும் காக்கும்.